அமெரிக்க முதலீட்டாளர் ஜிம் ரோஜர்ஸ் பத்தி கேட்டீங்கல்ல, எனக்கு தெரிஞ்சத சொல்றேன்

கடலூர் முதுநகர்ல மல்லாட்டை (வேர்க்கடலை), முந்திரி யாவாரம் பாக்குறேன், ஷேரும் வாங்குவேன். வந்த கேள்விங்களுக்கு ஒன்னொன்னா பதில்.

பண்ருட்டி தம்பி: அண்ணே, யாரு இவரு?

1942ல பொறந்தவரு, அமெரிக்காவுல அலபாமா பக்கம் டெமோபோலிஸ்ங்கற சின்ன ஊர்ல வளந்தாரு. அஞ்சு வயசுலயே பேஸ்பால் கிரவுண்டுல வித்தது என்ன தெரியுமா, நம்ம மல்லாட்டை தான்! யேல், ஆக்ஸ்ஃபோர்டுல படிச்சிட்டு 1973ல ஜார்ஜ் சோரோஸ்ங்கற இன்னொரு முதலீட்டாளரோட சேந்து குவாண்டம் ஃபண்ட்ங்கற முதலீட்டு நிதி ஆரம்பிச்சாரு, ரெண்டு பேரும் 1970லேருந்தே சேந்து பாத்தாங்க, 1980 வரைக்கும் பத்து வருஷத்துல 4200 பர்சன்ட் லாபம், அதே காலத்துல அமெரிக்க மார்க்கெட் 50 பர்சன்ட் கூட ஏறல. 1980ல 37 வயசுலயே போதும்னு வெளிய வந்துட்டாரு.

முத்தியால்பேட்டை சார்: இவரு தோத்ததே இல்லையா?

தோத்தாரு சார், அதான் முக்கியமான எடமே. 1970ல மார்க்கெட் விழும்னு புட் ஆப்ஷன் (வெல விழுந்தா லாபம் தர்ற ஒப்பந்தம்) வாங்கி பணத்த மூனு மடங்கு ஆக்கிட்டாரு, அந்த தெம்புல திரும்ப ஷார்ட் அடிச்சாரு (கடனா வாங்குன ஷேர வித்துட்டு, வெல விழுந்ததும் வாங்கி திருப்பி குடுக்கறது), ரெண்டே மாசத்துல மொத்தமும் காலி. அவரு ஷார்ட் பண்ண கம்பெனிங்க அப்புறம் திவாலாச்சு, ஆனா அதுவரைக்கும் தாங்க கையில காசு இல்ல. கணக்கு சரியா இருந்தும் நேரம் தப்புனா போச்சு, எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பண்ற பசங்க இத ரெண்டு தடவ படிங்கப்பா.

நெல்லிக்குப்பம் விவசாயி அண்ணன்: சர்க்காரே தலையிட கூடாதுன்றாரே, அது நமக்கு ஒத்து வருமா?

பாதி ஒத்து வரும்ணே. 2008ல அமெரிக்க சர்க்கார் பேங்குங்கள காப்பாத்த பணம் கொட்டுனப்ப, தப்பு பண்ணவன் திவாலாகட்டும்னு வெளிப்படையா சொன்னாரு, அது நியாயம். 2023 டிசம்பர்ல வெங்காய ஏற்றுமதிய நிறுத்துனாங்களே, வெல ஏறுற நேரத்துல விவசாயி கைய கட்டுனா அடுத்த போகம் எவன் நடுவான், அந்த எடத்துலயும் அவரு பக்கம் தான் நான். ஆனா 2011 டிசம்பர் 30 தானே புயல நெனச்சு பாருங்க, முந்திரி மரம், பலா மரம் வேரோட சாஞ்சு கெடந்துச்சு, புதுசா நட்டா காய்க்க வருஷக்கணக்கு ஆவும், அதுவரைக்கும் குடும்பம் எத தின்னும், மார்க்கெட்டு வந்து சோறு போடுமா? அங்க சர்க்கார் வந்தே ஆகணும், இதுல அவரோட எனக்கு ஒத்து போகல.

மஞ்சக்குப்பம் தங்கச்சி: பைக்ல உலகம் சுத்துனாராமே?

ஆமாம்மா, 1990லேருந்து 92 வரைக்கும். எந்த நாட்டுக்குள்ள போனாலும் கள்ள மார்க்கெட்ல டாலர் என்ன வெலைக்கு போவுதுன்னு பாப்பாரு, அரசாங்க ரேட்டுக்கும் அதுக்கும் எவ்ளோ தூரமோ அவ்ளோ நோய் அந்த நாட்டுக்கு. 1994ல வந்த இன்வெஸ்ட்மென்ட் பைக்கர் புக்குல இதெல்லாம் இருக்கு, மொதல்ல அத படி.

பண்ருட்டி தம்பி: அப்ப நானும் கமாடிட்டி வாங்கவாண்ணே?

அவரு கமாடிட்டி இண்டெக்ஸ் (எண்ணெய், தானியம், உலோகம் மாதிரி சரக்குங்களோட வெலைய சேத்து காட்டுற குறியீடு) ஆரம்பிச்சது 1998, கச்சா எண்ணெய் பேரல் 15 டாலருக்கும் கீழ கெடந்து எவனும் சீண்டாத நேரம், 2008 ஜூலைல அது 147. எல்லாரும் பேசுறப்ப வாங்குனவரு இல்ல தம்பி. நீ கடன் வாங்கி எதுவும் செய்யாத, மொதல்ல ஒரு சீசன் பூரா கமிட்டிக்கு (ஒழுங்குமுறை விற்பனைக் கூடம்) போய் மல்லாட்டை ஏலத்த நின்னு பாரு.