பெரும் மலைச்சரிவுகளுக்குக் காரணம் நிலநடுக்கமா, கனமழையா?

இரண்டுமே. ஆனால் இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு.

மழைநீர் மண்ணைக் கனமாக்குவதால்தான் மலை சரிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கனம் ஒரு பங்குதான். மண்ணைச் சரிவில் பிடித்து வைத்திருப்பது துகள்களுக்கு இடையிலான உராய்வு. தொடர்மழையில் இடைவெளிகள் நீரால் நிரம்பும்போது அந்த நீரின் அழுத்தம் துகள்களை விலக்கப் பார்க்கிறது, பிடிப்பு தளர்கிறது. நீர் ஆழத்துக்கு இறங்க நேரம் எடுப்பதால், மழை நின்று சில நாள் கழித்தும் மலை சரியலாம். மழை விட்டதுமே மக்கள் வீடு திரும்புவது எனக்குக் கவலை தரும் விஷயம்.

நிலநடுக்கத்துக்கு மழையின் துணை தேவையில்லை. 1970 மே 31 அன்று பெருவில் 7.9 அளவிலான நடுக்கம் உவாஸ்கரான் மலையின் பனியையும் பாறையையும் பெயர்த்தது. சில நிமிடங்களில் யுங்கே நகரம் புதைந்தது.

இரண்டும் அடுத்தடுத்து வருவதுதான் மிகக் கொடியது. 2008 மே 12 அன்று சீனாவின் வென்சுவான் நடுக்கத்தில் பல்லாயிரம் சரிவுகள் நிகழ்ந்தன. விரிசல் விட்ட மலைகளும் ஓடைகளில் குவிந்த உடைகற்களும் அப்படியே கிடந்தன. முன்பு தாங்கிய மழையைவிடக் குறைந்த மழையே அடுத்த ஆண்டுகளில் சேற்றுப் பெருக்கை உண்டாக்கப் போதுமானதாக இருந்தது. நடுக்கம் நின்றாலும் ஆபத்து பல மழைக்காலங்களுக்கு நீள்கிறது.

மலையடியில் வசிப்பவர்கள் கவனிக்க வேண்டியவை: தரையில் புதிய விரிசல், சாயும் மரங்கள், திடீரெனக் கலங்கும் ஓடை. கண்டால் உடனே வெளியேறுங்கள்.