கலிஃபோர்னியாவில் ஃபெலனி வழக்கு: அவகாசம் கொடுப்பதா, மறுப்பதா?

கேள்வி: என் மகன் சான் ஹோசேயில் வேலை பார்க்கிறான். உடன் வேலை செய்பவரோடு கைகலப்பாகி, 245(ஏ)(4) பிரிவில் (பலத்த காயம் விளைவிக்கக்கூடிய தாக்குதல்) ஃபெலனி, அதாவது கடுங்குற்ற வழக்குப் போட்டிருக்கிறார்கள். ஜாமீனில் வெளியே இருக்கிறான். ‘டைம் வெய்வ்’ (சட்டம் தரும் கெடுவை விட்டுக்கொடுப்பது) பண்ணலாம் என்கிறார் வக்கீல். அப்படிச் செய்தால் சீக்கிரம் விசாரணை கேட்கும் உரிமை போய்விடாதா? குற்றத்தைக் குறைக்க வழி உண்டா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: ஒரே கையெழுத்தில் எல்லாம் போய்விடாது அம்மா. ஃபெலனி வழக்கில் பல கெடுக்கள் தனித்தனியாக ஓடுகின்றன. முதல்முறை ஆஜரானதிலிருந்து நீதிமன்ற வேலைநாட்கள் 10-க்குள் பிரிலிமினரி ஹியரிங் (வழக்குக்குப் போதிய ஆதாரம் உண்டா என்று நீதிபதி பார்க்கும் முதல்கட்ட விசாரணை) நடக்க வேண்டும். எப்படியும் 60 நாட்களைத் தாண்டக் கூடாது. இது விடுமுறையும் சேர்த்த கணக்கு. பிரிலிமினரி முடிந்து வழக்கு விசாரணை நீதிமன்றத்துக்குப் போனால், அங்கே ஆஜரான நாளிலிருந்து 60 நாட்களுக்குள் ஜூரி விசாரணை. பிரிலிமினரிக்கான 10 நாள் கெடுவை மட்டும் விட்டுக்கொடுத்து, அதன் 60 நாளை வைத்துக்கொள்ள முடியும். எதை விடுகிறோம் என்று வக்கீலிடம் கெடு கெடுவாகக் கேளுங்கள். ஜூரி விசாரணைக் கெடுவைப் பொதுவாக விட்டுக்கொடுத்திருந்தாலும், எதிர்த்தரப்புக்கு முன்னறிவிப்புத் தந்து நீதிமன்றத்தில் திரும்பப் பெறலாம். அன்றிலிருந்து புதிதாக 60 நாள்.

உங்கள் மகன் வெளியே இருப்பதால் கொஞ்சம் அவகாசம் எடுப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. காரணம், 245(ஏ)(4) ‘வாப்ளர்’ வகை: 4 ஆண்டு வரை சிறை தரும் ஃபெலனியாகவும் நடத்தலாம், கவுன்டி ஜெயிலில் ஓராண்டுக்குள் முடியும் மிஸ்டிமீனராகவும் (சிறு குற்றம்) நடத்தலாம். அரசு வக்கீலே இறக்கிப் பதியலாம். அவர் மறுத்தாலும், பிரிலிமினரியின்போதோ அதற்கு முன்போ 17(பி) பிரிவில் நீதிபதி இறக்கலாம். இந்தக் கட்டத்தைத் தவறவிட்டால், அடுத்த நல்ல வாய்ப்பு பெரும்பாலும் தண்டனை சொல்லும்போதோ புரொபேஷன் (நன்னடத்தைக் கண்காணிப்பு) காலத்திலோதான். அதற்குள் குற்றவாளி என்ற பதிவு விழுந்திருக்கும்.

நீதிபதி பார்ப்பது சம்பவத்தின் தன்மை, காயத்தின் அளவு, பழைய வழக்கு உண்டா, செய்ததை இவர் எப்படி உணர்கிறார் என்பதை. எனவே மருத்துவ அறிக்கை, சிசிடிவி பதிவு, கோபக் கட்டுப்பாட்டு வகுப்புச் சான்று, வேலையிடத்துக் கடிதம் ஆகியவற்றை முன்கூட்டியே சேர்க்க வேண்டும். மிஸ்டிமீனரான பிறகு, காயம்பட்டவர் நஷ்டஈடு பெற்றுத் திருப்தி என்று நீதிமன்றத்தில் சொன்னால், நீதிபதி வழக்கையே முடித்துவைக்கவும் சட்டத்தில் இடமுண்டு. இதற்காக மகனோ நீங்களோ அவரைத் தொடர்புகொள்ளவே கூடாது. தடை உத்தரவு இருந்தால் அதுவே புது வழக்காகும். வக்கீல் மூலமாகத்தான் பேச வேண்டும்.

கேள்வி: 60 நாள் தாண்டினால் வழக்கு தானாகத் தள்ளுபடியாகுமா?
– வாசகர், ஃப்ரீமான்ட்

பதில்: ஆகாது. கெடு தாண்டித் தேதி குறிக்கும்போதே ஆட்சேபிக்க வேண்டும். விசாரணை தொடங்குமுன் தள்ளுபடி மனுவும் போட வேண்டும். பேசாமல் இருந்தால் கெடு போச்சு. நியாயமான காரணம் இருந்தால் நீதிபதி நீட்டிக்கவும் செய்வார். தள்ளுபடியானாலும் ஃபெலனியைப் பொதுவாக இன்னொரு முறை பதியலாம்; இரண்டாம் தள்ளுபடிதான் பெரும்பாலும் கதவை மூடும். மிஸ்டிமீனருக்குப் பொதுவாக ஒரு தள்ளுபடியே போதும். அதனால்தான் முதலில் இறக்கிவிட்டுப் பிறகு கெடுவைப் பிடிப்பது பலன் தருகிறது.

கேள்வி: ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு மிஸ்டிமீனர் ஆகிவிட்டால் ஆபத்து நீங்குமா?
– பெயர் வேண்டாத வாசகர்

பதில்: முழுதாக நீங்காது. போதைப்பொருள், குடும்ப வன்முறைக் குற்றங்கள் மிஸ்டிமீனரானாலும் நாடு கடத்தலுக்கு வழிவகுக்கக்கூடியவை. ‘நோ கான்டெஸ்ட்’ (குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை) என்று சொன்னாலும் குடியேற்றச் சட்டத்தில் அது குற்றத்தீர்ப்புதான். பின்னாளில் பதிவை நீக்கினாலும் அங்கே பொதுவாகச் செல்லாது. குடியேற்ற விளைவை விளக்குவது வக்கீலின் கடமை என்று 2010-இல் படில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எந்தப் பிரிவில் ஒப்புக்கொள்ளப் போகிறார் என்பதைக் குடியேற்ற வக்கீலிடம் காட்டி, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே நீதிபதி முன் வாய் திறக்கட்டும்.