ஒரே ஊரில் உள்ள வெவ்வேறு திருச்சபைகள் ஒன்றுபட்டுச் செயல்படுவது நடக்கிற காரியமா?

நடக்கும். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

கோத்தகிரிப் பக்கம் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் ஒரு லைனில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், பிறந்தவன் நான். 1964 ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பம். எங்கள் லைனில் ஆர்.சி. (கத்தோலிக்கர்), சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே மூன்றும் உண்டு. சில வீடுகளில் மூன்றும் ஒரே கூரையின் கீழ்.

ஞானஸ்நானத்தைப் பற்றி ராத்திரி முழுக்க வாதாடியவர்கள்கூட மறுநாள் காலையில் சேர்ந்துதான் கொழுந்து பறிக்கப் போவார்கள். "எங்கள் சபைக் குடும்பத்தை இழுத்துவிட்டார்கள்" என்ற மனக்கசப்புதான் வருடக்கணக்கில் ஆறாது. அதன் உச்சத்தை ஒரு சாவில் பார்த்தேன். சபை மாறிய ஒரு தாத்தா இறந்தபோது, பழைய சபையின் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றுவிட்டார்கள். புதிய சபைக்குக் கல்லறையே கிடையாது. ஐப்பசி மழை. பெட்டியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு பாட்டி ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தார். கடைசியில் மூன்றாவது சபையின் ஃபாதர் குடையோடு வந்து, "எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கி வாங்க" என்றார். வழுக்குகிற சரிவில் மூன்று சபை இளைஞர்களும் தோள் மாற்றி மாற்றிப் பெட்டியைச் சுமந்தோம். குழிமேட்டில் ஒரே ஜெபத்தைத்தான் ஒரு பாதி "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்றது, மறுபாதி "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் போதகர்கள் மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். யாராவது சபை மாறி வந்தால், பழைய போதகருக்கு முதலில் போன் செய்ய வேண்டும். அடக்கத்துக்கு எந்தக் கல்லறையும் மறுக்கக் கூடாது. இவ்வளவுதான் பேச்சு. இன்றுவரை காப்பாற்றுகிறார்கள்.

பொறுமை வேண்டும். 1919-ல் தரங்கம்பாடியில் ஆங்கிலிக்கன் பேராயர் அசரியா போன்றவர்கள் கூடிப் பேசிய இணைப்பு, 1947 செப்டம்பர் 27-ல்தான் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாகக் கைகூடியது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் சேர 28 வருடம். அசரியா அதைப் பார்க்காமலே 1945-ல் கண்மூடினார். அவர்களே அத்தனை காலம் பேசினார்கள் என்றால், நாம் இரண்டு கூட்டத்தில் சோர்ந்துபோவது நியாயமில்லை.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. கத்தோலிக்கரும் நாங்களும் இன்னும் ஒரே பந்தியில் நற்கருணை வாங்க முடியாது. அது வலிக்கிறது. வலிக்கவில்லை என்று நடிப்பதைவிட, அந்த வலியோடு சேர்ந்து ஜெபிப்பது மேல் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு ஜெப வாரம் உண்டு. அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊரில் அடுத்த சபையில் ஒரு சாவு விழுந்தால், உங்கள் போதகரையும் கூட்டிக்கொண்டு போய் பெட்டிக்குத் தோள் கொடுங்கள்.