அப்பத்தாவின் பன்னிரண்டு படங்கள்

அன்புள்ள ஐயா,

ரங்கூனில் விசிடி வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்த காலத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் 12 தமிழ்ப் படங்கள் விசிடியாக (டிவிடிக்கு முந்தைய வீடியோ சிடி) இருக்கின்றன. படத்துக்கு மூன்று டிஸ்க், மொத்தம் 36. மோல்மீன் மழையில் சிலவற்றில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிட்டது. அப்பத்தாவுக்கு முட்டிவலி, எழுந்து போய் டிஸ்க் மாற்ற முடிவதில்லை. கரண்ட் இருக்கும் நேரத்தில் நான் வேலையில் இருப்பேன். பன்னிரண்டையும் ஒரே டிவிடியில் போட்டுவிட்டால் தேவலை என்று நினைக்கிறேன். கடையில் கேட்டதற்கு, "குவாலிட்டி கொஞ்சமும் குறையாது" என்கிறார்கள். நானாக ஜிப் செய்து பார்த்தேன், சுருங்கவே இல்லை. கடைக்காரர் சொல்வது நடக்குமா?

– ஒரு வாசகர், மோல்மீன்

அன்புள்ள தம்பி,

நடக்காது. ஆறு படம் என்றால் சரி, தரம் குறைவது கண்ணுக்குத் தெரியாத அளவில் முடித்துவிடலாம். பன்னிரண்டு என்று சொன்னவர் உங்கள் டிஸ்க்குகளை இன்னும் போட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

முதலில் ஜிப் விஷயம். விசிடியில் இருப்பது ஏற்கெனவே சுருக்கிய படம். பிழிந்து கொடியில் போட்ட துணியை மறுபடி பிழிந்தால் என்ன வரும்?

இனி கணக்கு. டிவிடி உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும், கம்ப்யூட்டரில் செருகினால் 4.38 என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. டிஸ்க் செய்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கம்ப்யூட்டர் 1024 ஆக எண்ணுகிறது. விசிடி விநாடிக்கு 1150 கிலோபிட்டைப் படத்துக்கும் 224ஐ ஒலிக்கும் செலவழிக்கிறது. இரண்டரை மணி நேரப் படத்தை ஒன்றும் செய்யாமல் அப்படியே காப்பி அடித்தால் ஒன்றரை ஜிபி பக்கம் வரும். மூன்று படத்திலேயே டிவிடி விளிம்பைத் தொட்டுவிடும். துளியும் தரம் குறையாமல் என்றால் அந்த மூன்றுதான்.

ஆறு படம் என்றால் விநாடிக்கு 700 கிலோபிட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். பன்னிரண்டுக்கு 350. அதில் ஒலிக்கு ஒரு நூறைக் கொடுத்துவிட்டால் படத்துக்கு மிஞ்சுவது 250. விசிடியே 1150இல்தான் ஓடுகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். அது வந்தது 1993இல். அதற்குப் பின் வந்த சுருக்கும் முறைகள் அதே படத்தைப் பாதி இடத்தில் ஏறக்குறைய அதே மாதிரி காட்டிவிடும், அதனால்தான் ஆறு என்கிறேன். கால்வாசிக்கும் கீழே போனால் எந்த முறையும் கைவிட்டுவிடும்.

நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு தீபாவளிக்கு ஒன்பது படங்களை ஒரே டிஸ்க்கில் திணித்தேன். அதில் ஒன்று கறுப்பு வெள்ளைப் படம், பிரிண்ட் முழுக்க மழை. வானத்திலிருந்து வரும் மழை இல்லை, ஃபிலிம் கீறலைத்தான் நம் ஆட்கள் மழை என்பார்கள். சுருக்கும் சாஃப்ட்வேர் எப்போதாவது ஒருமுறைதான் முழு ஃப்ரேமை, அதாவது ஒரு தனிப் படச் சட்டத்தை, எழுதும், இடையில் எல்லாம் எது மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு போகும். அசையாமல் எரியும் குத்துவிளக்குக்கு அநேகமாகச் செலவே இல்லை. கீறலோ ஃப்ரேமுக்கு ஃப்ரேம் புது இடத்தில் விழுகிறது. அது கீறல் என்று சாஃப்ட்வேருக்கு என்ன தெரியும்? பிட்டுகளை எல்லாம் அதற்கே வாரி இறைத்தது. கடைசியில் கீறல் ஒவ்வொன்றும் துல்லியமாக விழுந்திருந்தது, அழுதுகொண்டிருந்த கதாநாயகியின் முகம் குளியலறை டைல்ஸ் மாதிரி சதுரம் சதுரமாக உடைந்திருந்தது. என் சித்தி, "டிவி கெட்டுப்போச்சா?" என்று கேட்டுவிட்டுப் பலகாரம் சுடப் போய்விட்டார்.

ஆகவே உங்கள் பன்னிரண்டில் கீறல் விழுந்த பழைய படங்கள், பாட்டுக்குப் பாட்டு புகையும் கூட்டமும் வரும் படங்கள் எவை என்று முதலில் பிரியுங்கள். நான்கு சுவருக்குள் வசனம் பேசும் குடும்பப் படம் குறைந்த இடத்தில் அடங்கிவிடும். எல்லாப் படத்துக்கும் சமபங்கு கொடுக்க வேண்டாம், குடும்பப் படத்துக்கு 600 எம்பி, கீறல் படத்துக்கு 900 எம்பி என்று வையுங்கள். கீறல் படத்துக்குச் சுருக்கும்முன் லேசாக நாய்ஸ் ஃபில்டர் போட்டால் ஓரளவு மிச்சமாகும், அதிகம் போட்டால் எல்லார் முகமும் மெழுகாகிவிடும். டூ பாஸ் என்ற வசதியை மறக்காமல் போடுங்கள். முதல் சுற்றில் படம் முழுவதையும் பார்த்துவிட்டு, இரண்டாம் சுற்றில் தேவையான காட்சிக்குப் பிட்டைக் கூட்டித் தரும். ராத்திரி முழுக்க ஓடும், இன்வெர்ட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசிடி படத்தின் 352க்கு 288 புள்ளி என்ற அளவையும் மாற்றாதீர்கள். பெரிதாக்கினால் தெளிவு வராது, இடம்தான் போகும். அதேபோல இந்திய டிஸ்க் பால் (PAL) என்ற டிவி முறை, விநாடிக்கு 25 ஃப்ரேம். நம் பர்மா டிவியோ என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு முறை, விநாடிக்கு 30. கடைக்காரர்கள் அதற்காக 30க்கு மாற்றித் தருவார்கள், கேமரா பக்கவாட்டில் நகரும்போதெல்லாம் படம் திக்கித் திக்கிப் போகும். 25ஆகவே விடுங்கள், பிளேயர் பார்த்துக்கொள்ளும். எங்கள் வீட்டு டிஸ்க்குகளில் பாதி, உறவுக்காரர்கள் சென்னை பர்மா பஜாரில் வாங்கி வந்தவை. இங்கிருந்து அகதியாகப் போனவர்கள் கடை போட்ட இடத்திலிருந்து இங்கேயே வந்து சேர்ந்த படங்கள். ஃப்ரேம் கணக்கு மட்டும் ஒத்துப்போகவில்லை.

உங்கள் பிளேயரின் முகப்பில் டிவ்எக்ஸ் (DivX, ஒரு சுருக்கும் முறை) என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த வகையில் சுருக்கி, வெறும் ஃபைல்களாக டிஸ்க்கில் எழுதினால் போதும். மெனு எல்லாம் போட்டு டிவிடி வீடியோவாகச் செய்ய வேண்டாம். அது படங்களை இன்னொரு முறை மாற்றும், இடமும் கூடக் கேட்கும். டிவ்எக்ஸ் இல்லாத பிளேயர் அந்த ஃபைல்களைத் தொடாது. அதனால் ஒரு படத்தை மட்டும் அழித்து எழுதும் டிஸ்க்கில் போட்டு, அப்பத்தாவின் பிளேயரிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

டிஸ்க்கை வாய் வரை நிரப்பாதீர்கள். டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது, மலிவான டிஸ்க் முதலில் சொதப்புவது வெளி விளிம்பில்தான். ஆறாவது படத்தின் கிளைமாக்ஸ் இருப்பதும் அங்கேதான். கையை ஓங்கிய நிலையில் வில்லன் நின்றுவிட்டால் அப்பத்தா உங்களைச் சும்மா விட மாட்டார். 16 வேகம் வேண்டாம், 8இல் எழுதுங்கள். இரண்டு டிஸ்க், ஆறு ஆறு படம். பூஞ்சை பிடித்த விசிடிகளை மட்டும் இந்த வாரமே கம்ப்யூட்டருக்கு ஏற்றிவிடுங்கள். துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல், நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுங்கள்.

ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைத்தால் பழைய பிளேயர் கட்டம் கட்டமாகக் காட்டும். 01, 02 என்று எண் போட்டு, படப் பெயர்களைப் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி ரிமோட் பக்கத்தில் வையுங்கள். எந்தப் படத்துக்கு 01 என்பதை நீங்கள் முடிவு செய்யாமல் அப்பத்தாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.