ஹரிக்கேன் வருவது நான்கு நாள் முன்பே தெரிந்தும் ஏன் சிலர் வீட்டிலேயே இருக்கிறார்கள்? காத்திருக்கும் அந்த நாட்கள் எப்படிப் போகும்?

ஃப்ளோரிடாவில் டாம்பாவுக்குக் குடிவந்து எட்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. இதுவரை ஒரே ஒரு முறை ஊரை விட்டு ஓடியிருக்கிறோம். மற்ற முறையெல்லாம் வீட்டில்தான் இருந்தோம். ஓடிய அந்த ஒரு முறைதான் சொதப்பல்.

2017 செப்டம்பர், இர்மா புயல். அப்போது மூன்றாவது மாடி அபார்ட்மெண்டில் இருந்தோம், ஊர் புதிது. டிவியைப் போட்டால் மாநிலம் முழுக்கச் சிவப்பு. 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேறச் சொல்லியிருந்தார்கள், நாங்களும் பெட்டியைக் கட்டினோம். அட்லாண்டாவுக்குச் சாதாரணமாக ஏழு மணி நேரம். ஐ-75 நெடுஞ்சாலையில் எங்களுக்குப் பத்தொன்பது மணி நேரம் ஆனது. வழியில் பார்த்த பெட்ரோல் பங்குகளில் பாதிக்கு மேல் குழாயில் பிளாஸ்டிக் பையைக் கட்டிவைத்திருந்தார்கள், ஸ்டாக் இல்லை என்று அர்த்தம். ஒருவழியாக நண்பர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், இர்மா எங்கள் பின்னாலேயே வந்தது. அட்லாண்டாவுக்கு அதன் சரித்திரத்திலேயே முதல் முறையாக வெப்பமண்டலப் புயல் எச்சரிக்கை கொடுத்தார்கள். அன்று ராத்திரி அங்கே கரண்ட் போனது. டாம்பாவில் பூட்டிவிட்டு வந்த எங்கள் அபார்ட்மெண்டில் ஃப்ரிட்ஜ் ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்த பிறகுதான் எவாக்குவேஷன் சோன், அதாவது வெளியேற்ற மண்டலம் என்று ஒன்று இருப்பதையே கவனித்தேன். உங்கள் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. கடலோர கவுண்டிகளை (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஏ முதல் ஈ வரை சோன்களாகப் பிரித்திருக்கிறார்கள். பிரித்தது காற்றை வைத்து இல்லை, தண்ணீரை வைத்து. ஹரிக்கேனில் கரையோரத்துக்குப் பெரிய ஆபத்து சர்ஜ்தான். காற்று கடலை மொத்தமாக நெட்டிக்கொண்டு வந்து ஊருக்குள் விடுவது. ஏ என்றால் முதலில் மூழ்கும் இடம். எந்த எழுத்தும் இல்லாத வீடுகளும் நிறைய உண்டு, இப்போது நாங்கள் இருக்கும் வீடு அப்படிப்பட்டது. தண்ணீரைப் பார்த்தால் ஓடு, காற்றைப் பார்த்தால் ஒளிந்துகொள் என்பது இங்கே அதிகாரிகளே சொல்லும் பாடம். அதனால் சோனுக்கு வெளியே, நல்ல கட்டடத்தில் இருக்கிறவர் வீட்டிலேயே இருப்பது அசட்டுத் துணிச்சல் இல்லை, இருக்க வேண்டியவரே அவர்தான். அன்று ஐ-75ல் நாங்கள் அடைத்துக்கொண்டு நின்ற இடம், ஏ சோன்காரர் ஒருவருக்குத் தேவைப்பட்ட இடம். ஏ சோன்காரரும் அட்லாண்டா வரை போகத் தேவையில்லை. இருபது முப்பது மைல் உள்ளே, மேடான இடத்தில் ஒரு நண்பர் வீடு போதும்.

சரி, ஏ சோனிலேயே இருந்துகொண்டு போகாதவர்கள்? அவர்களைத் திட்டுவது சுலபம். ஓட்டலுக்குப் பணம், படுத்த படுக்கையாக இருக்கும் அப்பா, லீவு கொடுக்காத வேலை, நாய் பூனை என்று ஆளுக்கொரு காரணம். எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் போன தடவை ஒன்றும் ஆகவில்லை என்பது. 2022ல் இயன் நேராக டாம்பாவுக்குத்தான் என்றார்கள். கடைசியில் தெற்கே திரும்பி கேயோ கோஸ்டாவில் கரை ஏறி, ஃபோர்ட் மையர்ஸ் பக்கத்தைச் சின்னாபின்னமாக்கியது. இங்கே அதற்கு நேர் எதிர். காற்று டாம்பா விரிகுடாத் தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டது, பேஷோர் கரையோரச் சாலைப் பக்கம் ஜனங்கள் கடல் தரையில் இறங்கி நடந்தார்கள். அதைப் பார்த்தவனுக்கு அடுத்த தடவை பயம் எங்கிருந்து வரும்?

இதில் டிவியில் காட்டும் கூம்புக்கும் பங்கு உண்டு. அந்தக் கூம்பு புயலின் அகலம் இல்லை, மையப்புள்ளி எங்கெல்லாம் போகலாம் என்ற கணக்கு மட்டும்தான். அந்தப் புள்ளி கூம்பை விட்டு வெளியே போவதும் மூன்றுக்கு ஒரு தடவை நடக்கும். 2024 செப்டம்பர் 26 அன்று ஹெலீன் எங்கள் கரையிலிருந்து நூறு மைலுக்கும் அப்பால் கடலோடு போய், வடக்கே பெர்ரி ஊர்ப்பக்கம் கரை கடந்தது. எங்கள் வீட்டில் மரம் கொஞ்சம் ஆடியது, அவ்வளவுதான். ஆனால் விரிகுடாவைச் சுற்றி ஆறேழு அடிக்குக் கடல் ஏறி, பிநெல்லாஸ் கவுண்டியில் மட்டும் பத்துப் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஷோர் ஏக்கர்ஸில் இருக்கும் எங்கள் நண்பர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். சோபா, மெத்தை, ஊறிப்போன சுவர்ப் பலகை எல்லாவற்றையும் உரித்து வாசலில் குவித்துவைத்தார்கள். தெரு முழுக்க வீட்டுக்கு வீடு அப்படி ஒரு மலை.

அந்த மலைகளை லாரி வந்து அள்ளி முடிப்பதற்குள் மில்டன் வந்தது. நீங்கள் கேட்கும் காத்திருப்பு என்னவென்று எனக்குத் தெரியவந்தது அந்த வாரம்தான்.

அக்டோபர் 5, சனிக்கிழமை பெயர் வைத்தார்கள். திங்கட்கிழமைக்குள் அது ஐந்தாம் வகை ஆகிவிட்டது, இருப்பதிலேயே பலமான வகை, மணிக்கு 180 மைல், நம் கணக்கில் சுமார் 290 கிலோமீட்டர். தேசிய ஹரிக்கேன் மையத்தின் அறிக்கை காலை ஐந்து, பதினொன்று, மறுபடி மாலை ஐந்து, ராத்திரி பதினொன்று என்று வரும். எங்கள் வீட்டில் கடிகாரமே அதுதான். சாப்பாடு, குளியல் எல்லாம் அதற்கு முன்னால், பின்னால். மேயர் ஜேன் கேஸ்டர் டிவியில் வந்து, வெளியேறச் சொன்ன பகுதியில் இருந்தால் சாவீர்கள் என்று பச்சையாகவே சொல்லிவிட்டார்.

என் மாமியார் அப்போது ஊரிலிருந்து வந்திருந்தார். கடலூர்க்காரர், 2011 தானே புயலை நேரில் பார்த்தவர். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் மாப்பிள்ளை, இது பலகை வீடுதானே?" என்றார்.

"இல்ல அத்தை, சுவர் சிமெண்ட் பிளாக். கூரைதான் மரச்சட்டம்."

"போறது எப்பவுமே கூரைதானே?"

பதில் சொல்ல முடியவில்லை. 1992ல் ஆண்ட்ரூ அடித்து நொறுக்கிய பிறகு இங்கே கட்டட விதிகளை மாற்றினார்கள். 2002லிருந்து மாநிலம் முழுக்க ஒரே விதி. எங்கள் வீடு அதற்கு அப்புறம் கட்டியது, கூரைச் சட்டத்தைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைத்திருக்கிறது. அதைக் காட்டுவதற்காக அவரைக் கூட்டிக்கொண்டு பரணில் ஏற முடியாதே.

ஜன்னலுக்கு அடிக்கும் ப்ளைவுட்டை இயன் சமயத்திலேயே அளந்து வெட்டி, எந்தப் பலகை எந்த ஜன்னலுக்கு என்று எழுதிவைத்திருந்தேன். வாழ்க்கையில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் அதற்கு முதல் மூன்றுக்குள் இடம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கடையில் ஒரு பலகைகூட இல்லை. எதிர்வீட்டுக்காரர் கண்ணாடியில் பெருக்கல் குறி மாதிரி டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, உடைந்தால் சில்லு இன்னும் பெரிதாக விழும். நேரில் சொல்ல மனம் வரவில்லை, மிச்சமிருந்த இரண்டு பலகையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பலரும் மறப்பது கராஜ் கதவை. வீட்டிலேயே பெரிய ஓட்டை அதுதான். அது உள்ளே சரிந்தால் காற்று புகுந்து கூரையை அடியிலிருந்து தூக்கும். உள்பக்கம் குறுக்குக் கட்டை கொடுத்து முட்டுக்கொடுத்தேன்.

கடைகளில் முதலில் காலியாவது பாட்டில் தண்ணீர். அதற்குக் க்யூவில் நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் புரிவதே இல்லை, குழாயில் நல்ல தண்ணீர் வந்துகொண்டுதானே இருக்கிறது? ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அத்தை யாரையும் கேட்காமல் குக்கர், பாயசப் பாத்திரம் வரை வீட்டிலிருந்த எல்லாவற்றிலும் பிடித்துவைத்துவிட்டார். பாத் டப்பை நான் நிரப்பினேன், அது டாய்லெட்டுக்கு. இங்கே அடுப்பும் கரண்ட்தான் என்பதால் முதல் நாளே புளியோதரை, சப்பாத்தி. ஃப்ரீசரில் ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஒரு குவார்ட்டர் (25 சென்ட்) காசு வைத்தேன். கரண்ட் போய் வந்த பிறகு காசு மேலேயே இருந்தால் பொருள் உருகவில்லை. அடியில் கிடந்தால் எல்லாம் உருகிவிட்டு மறுபடி உறைந்திருக்கிறது, தூக்கிப்போட வேண்டியதுதான். அத்தைக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. அவருடைய தேங்காய்த் துருவலும் முருங்கைக்காயும் உள்ளே இருந்தன.

செவ்வாய் மதியம் ஷோர் ஏக்கர்ஸ் நண்பர் குடும்பம் வந்து சேர்ந்தது, நாயோடு. காற்று மணிக்கு நாற்பது மைலைத் தொட்டால் விரிகுடாவின் மேல் இருக்கும் பாலங்களை மூடிவிடுவார்கள், அதற்குமேல் நினைத்தாலும் வர முடியாது. வந்ததிலிருந்து அவர் அதிகம் பேசவில்லை. வீட்டில் இனி நனைவதற்கு ஒன்றும் இல்லை என்று ஒரு முறை சொல்லிச் சிரித்தார். வெள்ளக் காப்பீட்டைப் பற்றி என் மனைவி கேட்டபோது மட்டும் கொஞ்சம் பேசினார். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குக் கொடுக்காது, தனியாக எடுக்க வேண்டும், பெரும்பாலும் அரசாங்கத் திட்டத்தில். எடுத்தாலும் முப்பது நாள் கழித்துத்தான் பொதுவாக அமலுக்கு வரும். அவர் ஏற்கெனவே எடுத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் எடுக்கவில்லையாம்.

புதன்கிழமை செய்வதற்கு ஒன்றுமே இல்லை. அதுதான் கொடுமை. ஜன்னலெல்லாம் அடைத்திருப்பதால் பகல் பதினொரு மணிக்கே வீடு இருட்டு. டாம்பாவுக்கு வடக்கே கரை ஏறினால் பத்துப் பதினைந்து அடித் தண்ணீர் விரிகுடாவுக்குள் வரும், தெற்கே ஏறினால் இயன் மாதிரி தண்ணீர் வெளியே போகும். முப்பது மைல் வித்தியாசத்தில் ஒரு ஊரின் தலையெழுத்து. தெற்கே போகட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன், அங்கேயும் ஆட்கள்தான் இருக்கிறார்கள் என்பது அடுத்த நொடியே உறைத்தது. குழந்தைகள் மட்டும் சந்தோஷமாக கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். மதியத்திலிருந்து டொர்னேடோ (சுழல்காற்று) எச்சரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. புயல் கரைக்கு வருவதற்குள்ளேயே எதிர்க்கரையில் செயின்ட் லூசி கவுண்டியில் டொர்னேடோவில் ஆறு பேர் இறந்துவிட்டார்கள். மேற்கே வரும் புயலுக்குக் கிழக்கே சாவு.

இரவு எட்டரைக்கு சியஸ்டா கீயில் கரை ஏறியது, எங்களுக்குத் தெற்கே. அப்போது மூன்றாம் வகை. தண்ணீர் தப்பித்தோம், மழையும் காற்றும் மிச்சம். ஒன்பது மணிக்குமேல் தூரத்தில் டிரான்ஸ்ஃபார்மர்கள் பச்சையும் நீலமுமாக மின்னின, அப்புறம் கரண்ட் போனது. படுக்கையறைகளை விட்டுவிட்டு வீட்டு நடுவே ஜன்னல் இல்லாத நடையில் எல்லோரும் மெத்தை போட்டுப் படுத்தோம். கராஜ் கதவு மூச்சு விடுவதுபோல உள்ளே வெளியே போய் வந்தது. பின்கட்டில் லேனாய் என்கிற வலை அடித்த திண்ணையின் கம்பி வலை கிழிகிற சத்தம் ஒரு மணி நேரம் கேட்டது, துணிக்கடையில் நாள் முழுக்கப் புடவை கிழிப்பதுபோல. அத்தை மட்டும் அசையாமல் உட்கார்ந்து, தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்த கதையை நண்பரின் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கதை முடிவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். நாய் தூங்கவில்லை.

காலையில் தெருவில் ஓக் மரம் ஒன்று வேரோடு கிடந்தது. ஓடு சில போயிருந்தன, கூரை போகவில்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 18 அங்குலத்துக்கும் மேல் மழை, ட்ராபிகானா ஃபீல்ட் ஸ்டேடியத்தின் கூரைத் துணி கந்தலாகி, கட்டுமான கிரேன் ஒன்று சரிந்து கிடந்தது. அந்த ஊரில் குழாய்த் தண்ணீரையே நிறுத்திவிட்டார்கள். பாயசப் பாத்திரத்துக்கு அன்று மரியாதை கூடியது. பெட்ரோல் கிடைக்கவில்லை, அரசாங்கமே இடம் போட்டு ஆளுக்குப் பத்து கேலன் இலவசமாக ஊற்றியது, நான் மூன்று மணி நேரம் நின்றேன். தெருவில் ஜெனரேட்டர் வைத்திருந்த ஒருவர் அதைக் கராஜுக்குள்ளேயே ஓட்டப் பார்த்தார், நாலு பேர் போய்ச் சத்தம் போட்டு இழுத்து வெளியே வைக்கச் செய்தோம். புயலில் தப்பியவர்கள் அந்தப் புகையில் சாவது ஒவ்வொரு வருடமும் நடக்கிறது.

நண்பர் பாலம் திறந்தவுடன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தெருவிலிருந்த குப்பை மலை அப்படியே இருக்கிறது, இடம்தான் கொஞ்சம் மாறியிருக்கிறது என்றார்.

நான்காம் நாள் சாயங்காலம் கரண்ட் வந்தது. ஏசி ஓடத் தொடங்கிய சத்தத்துக்குக் குழந்தைகள் கைதட்டினார்கள். யாரும் ஃப்ரீசரைத் திறக்கக் கூடாது, முதலில் உறையட்டும் என்று அத்தை உத்தரவு போட்டுவிட்டார். மறுநாள் காலை அவரே போய்த் திறந்து டம்ளரை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். காசு அடியில் கிடந்தது. ஒன்றும் சொல்லாமல் ஒரு பெரிய குப்பைப் பையை விரித்து, முருங்கைக்காயை முதலில் போட்டார்.