கோத்தகிரி மழையில் முழு நோடு தேவையா?

கேள்வி: மாதாமாதம் கொஞ்சம் பிட்காயின் வாங்கி, போனில் உள்ள லைட் வாலட்டுக்கு மாற்றிவிடுகிறேன். வீட்டிலேயே முழு நோடு போட்டால்தான் பாதுகாப்பு என்கிறான் தம்பி. மழை பிடித்தால் கோத்தகிரியில் நெட்டும் கரண்டும் சேர்ந்தே போகும். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி சொல்வது பாதி சரி. முழு நோடு என்பது பிட்காயின் கணக்கேட்டை முழுதாக இறக்கிப் பார்க்கும் கணினி; 2009-லிருந்து நடந்த ஒவ்வொரு பரிவர்த்தனையையும் தானே சரிபார்க்கும். அதற்கு 600 ஜிபிக்கு மேல் இறக்க வேண்டும். லைட் வாலட்டுக்கு ஒவ்வொரு பிளாக்கின் (பரிவர்த்தனைக் கட்டின்) தலைப்பு மட்டும் போதும். ஒரு தலைப்பு 80 பைட். வருடம் முழுக்கச் சேர்த்தாலும் 4 எம்பி சொச்சம். வாட்ஸ்அப் காலை வணக்க வீடியோவே அவ்வளவு வரும்!

பணம் வந்ததற்கு அத்தாட்சி? 4,000 பரிவர்த்தனை உள்ள பிளாக் என்றால் வாலட் இணையும் சர்வர் 12 ஹாஷ் (தரவின் கைரேகை மாதிரியான எண்) அனுப்பும். மொத்தமே 384 பைட். உங்கள் பரிவர்த்தனையில் தொடங்கி அவற்றை வரிசையாகச் சேர்த்துக் கணக்கிட்டால், தலைப்பில் உள்ள மெர்க்கல் வேர், அதாவது பிளாக்கின் எல்லாப் பரிவர்த்தனைக்கும் சேர்த்த ஒரே ஹாஷ், வர வேண்டும். வராவிட்டால் சர்வர் புளுகுகிறது. ஆக, வராத பணத்தை வந்ததாகக் காட்டுவது லேசில்லை. வந்ததை மறைப்பது லேசு. அந்த 12 ஹாஷை அனுப்பாமல் இருந்தால் போதும். தேயிலைத் தொழிற்சாலையில் இலை போட்டதற்குச் சீட்டு தந்தால் எடையைச் சரிபார்க்கலாம், சீட்டே தராவிட்டால்?

விதிகளையும் போன் சரிபார்க்காது. 2015 ஜூலையில் சில மைனர்கள் (புது பிளாக் உருவாக்குபவர்கள்) முந்தைய பிளாக்கைப் பார்க்காமலே மேலே அடுக்க, செல்லாத சங்கிலி 6 பிளாக் வரை நீண்டது. புதுப்பித்த முழு நோடுகள் அதைத் தள்ளின. லைட் வாலட்டுக்காரர்களை வழக்கத்தைவிட 30 உறுதிப்படுத்தல் (பரிவர்த்தனைக்கு மேல் சேரும் பிளாக்குகள்) கூடுதலாகக் காத்திருக்கச் சொன்னார்கள்.

எனக்கு அதைவிட உறுத்துவது, உங்கள் முகவரிகள் எல்லாம் சர்வருக்குத் தெரிந்துவிடுவது. இதற்கு மருந்தாக வந்த, முகவரிகளை மங்கலாக்கிக் கேட்கும் ப்ளூம் ஃபில்டர் சரியாக மறைக்கவும் இல்லை. ஒவ்வொரு போனுக்காகவும் நோடு தன் டிஸ்கைத் துழாவ வேண்டியும் இருந்தது. 2019-ல் முழு நோடு மென்பொருளான பிட்காயின் கோர் அதை இயல்பாக அணைத்தே வைத்தது.

சிறு தொகைக்கு இப்போதைய ஏற்பாடே போதும். 6 உறுதிப்படுத்தல், ஏறக்குறைய ஒரு மணி நேரம், பொறுத்திருங்கள். வாலட்டுக்குள் ‘அப்டேட் செய்’ என்று லிங்க் வந்தால் தொடாதீர்கள். 2018 டிசம்பரில் எலெக்ட்ரம் என்ற லைட் வாலட்டின் போலி சர்வர்கள் அப்படித்தான் பணத்தைச் சுருட்டின.

தொகை பெருத்தால் நோடு போடுங்கள், வாலட்டை அதோடு மட்டும் இணையுங்கள். முதல் இறக்கத்தை மட்டும் மலையில் வைத்துக்கொள்ள வேண்டாம். கோவையில் ஃபைபர் உள்ள சொந்தக்காரர் வீட்டில் ஓடவிட்டு, முடிந்தபின் பெட்டியை மேலே கொண்டுவாருங்கள். பிறகு இரண்டு நாள் நெட் இல்லாவிட்டாலும் பிடிக்க வேண்டியது 300 பிளாக்குக்குள்தான். கரண்ட் சட்டென்று போனால் தரவுத்தளம் கெடலாம், சிறு யுபிஎஸ் ஒன்று வாங்கிவிடுங்கள்.