வாசகர் கேள்வி-பதில்: துண்டு இடுப்புக்கு வந்த கதை

கேள்வி: எங்க சபையில போன மாசம் முழுக்க தாழ்மை பத்தியேதான் பிரசங்கம். தாழ்மை இல்லாட்டி ரட்சிப்பு இல்லைங்கறாங்க. அடுத்த வாரம் அதே பாஸ்டர் ஐயரே ரட்சிப்பு இலவசம், எல்லாம் கிருபை, நம்ம கையில ஒண்ணுமில்லைங்கறார். ரெண்டுல எதுங்க? இன்னொண்ணு, தாழ்மையா இருக்கணும்னு நான் முயற்சி பண்ற ஒவ்வொரு தடவையும் 'பரவால்லயே, நல்லா இறங்கிட்டோமே'ன்னு உள்ள ஒரு குரல் கேக்குது. அதை என்ன பண்றது? (ஒரு வாசகி, பொறையார்)

பதில்: அந்த குரல் உங்களுக்கு மட்டும் இல்லங்க, இதை டைப் பண்ணிகிட்டிருக்க எனக்கும் இப்ப கேட்டுகிட்டுதான் இருக்கு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

பொறையார்ல இருக்கீங்க, கடைமடைன்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஜூன் 12 மேட்டூர்ல திறந்தாங்கன்னு டிவில பாத்துட்டு, கல்லணையில திறந்தாச்சான்னு போன் போட்டு கேட்டுட்டு, அப்புறமும் நாள் கணக்கா வாய்க்காலையே பாத்துகிட்டு நிக்கிற ஜனம் நாம. கடைசியா தண்ணி வந்து சேரும்போது 'என் சாமர்த்தியத்துல வந்துச்சு'ன்னு எந்த கடைமடைக்காரனாச்சும் மீசையை முறுக்கி பாத்திருக்கீங்களா? அதுக்காக அவன் திண்ணையில படுத்தும் கிடக்கமாட்டான், ஆகாயத்தாமரையும் நெய்வேலி காட்டாமணக்கும் மண்டி கிடந்தா மம்பட்டியை தூக்கிட்டு போய் இறங்கிடுவான். தூர் வாரினா தண்ணி உற்பத்தி ஆவாது, ஆனா வாராட்டி வாசல் வரைக்கும் வந்த தண்ணி உள்ள வராம திரும்பிடும். என்னைக் கேட்டா தாழ்மைங்கறது அந்த தூர் வார்றதுதான். ரட்சிப்புக்கு நாம கட்டுற விலை இல்ல அது. பைபிள்ல எபேசியர் 2-ல அப்போஸ்தலர் பவுல் 'இது தேவனுடைய ஈவு'ன்னு சொல்லிட்டு, ஒருத்தரும் பெருமை பாராட்டக்கூடாதுன்னுதான் கிரியையால, அதாவது நாம பண்ற செயலால, வரலைன்னு காரணமும் சேத்தே சொல்றார். விலை கட்டி வாங்கியிருந்தா பில்லை பத்திரமா வச்சு நாலு பேருக்கு காட்டிகிட்டு திரிவோம்ல.

சரி, அந்த மம்பட்டி யாரோடதுன்னு கேப்பீங்க. எங்க அம்மா லூத்தரன் (மார்ட்டின் லூத்தர் வழியில வந்த புராட்டஸ்டன்ட் சபை), அப்பா கத்தோலிக்கர், இந்த சண்டைய பாத்துதான் நான் வளந்தேன். மம்பட்டியும் தேவன் குடுத்ததுதான்னு அம்மா, பிடிச்சு வெட்டறது யாரு உங்கப்பனான்னு அப்பா. 1999 அக்டோபர் 31 அன்னிக்கு ஜெர்மனியில ஆக்ஸ்பர்க்ல ரெண்டு சபையும் உக்காந்து, நம்ம புண்ணியத்தால இல்ல, கிருபையால மட்டும்தான்னு ஒரே தாள்ல கையெழுத்து போட்டாச்சு. எங்க வீட்ல கடைசி வரைக்கும் கையெழுத்து ஆகல, அது வேற.

இப்ப அந்த குரல். லூக்கா 18-ல ஜெபம் பண்ண போன ரெண்டு பேர்ல, மதச்சட்டத்தை கறாரா கடைப்பிடிக்கிற பரிசேயன் பொய் ஒண்ணும் சொல்லலைங்கறத கவனிங்க. வாரத்துல ரெண்டு நாள் உபவாசம் இருந்தது உண்மை, பத்துல ஒண்ணு குடுத்ததும் உண்மை. அவனுக்கு சிக்கல் கண்ணுலதான், மேல பாத்து பேச ஆரம்பிச்சவன் பாதியிலயே அந்தப் பக்கம் நின்ன ஆயக்காரனை, அதாவது வரி வசூல் பண்றவனை, பாத்துட்டான். ஆயக்காரன்கிட்ட பாக்கறதுக்கோ சொல்றதுக்கோ ஒண்ணுமே இல்ல, மார்ல அடிச்சுகிட்டு 'பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்'னு ஒரே வரி. அவன் ஒண்ணும் தாழ்மையை பிராக்டீஸ் பண்ணிட்டு கோயிலுக்கு வரல. அதனால அந்த குரலோட மல்லுக்கட்டாதீங்க, நான் எவ்ளோ இறங்கியிருக்கேன்னு அளவு எடுத்துகிட்டே இருந்தா அதுக்கு தீனி போடறதாத்தான் ஆவும். வந்துச்சா, 'ஆமாப்பா அதுக்கும் சேத்து மன்னிச்சுக்கோ'ன்னு ஆயக்காரன் வரியை சொல்லிட்டு அடுப்பை கவனிக்க போயிடுங்க. அவ்ளோ புத்தகம் எழுதின லூத்தரே 1546-ல சாவுறதுக்கு முன்ன கடைசியா எழுதி வச்ச சீட்டுல நாமெல்லாம் பிச்சைக்காரங்க, அதுதான் உண்மைன்னு முடிச்சிருக்கார்.

அவர் வழியில வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9 உங்க பக்கத்து தரங்கம்பாடியில வந்து இறங்கினப்ப 24 வயசுகூட முழுசா ஆவல. தமிழ் கத்துக்க என்ன பண்ணார் தெரியுமா, திண்ணை வாத்தியாரை வரவச்சு சின்ன பசங்களோட பசங்களா தரையில உக்காந்து மணல்ல விரலால அ, ஆ எழுதினார். சத்தியத்தை சொல்லிக்குடுக்க கப்பலேறி வந்த ஆளு முதல்ல பண்ண வேலை அது. அந்த விரல்தான் அப்புறம் புதிய ஏற்பாட்டை தமிழாக்குச்சு, 1715-ல அச்சும் போட்டு முடிச்சாங்க.

கேள்வி: வேளாங்கண்ணியில மணல்ல முட்டி போட்டே போறாங்களே, அதெல்லாம் தாழ்மையா இல்ல ஷோவா? (ஒரு வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: முட்டி தேய தேய போறவங்க உங்களை பாக்கல, நீங்கதான் அவங்களை பாத்துகிட்டிருக்கீங்க. மேல பரிசேயன் கண்ணு பத்தி சொன்னேனே, அதை இன்னொரு வாட்டி படிச்சுக்கங்க.

கேள்வி: ஆபீஸ்ல பணிவா இருந்தா ஏறி மிதிக்கறாங்க. கிறிஸ்தவன்னா எல்லாத்தையும் பொறுத்துகிட்டு போவணும்னு வீட்ல சொல்றாங்க. இதுவா தாழ்மை? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: இல்ல. இயேசுவை ஒரு சேவகன் கன்னத்துல அறைஞ்சப்ப அவர் சும்மா இல்ல, நான் சரியா பேசியிருந்தா என்னை ஏன் அடிக்கிறேன்னு கேட்டார் (யோவான் 18). பவுலையும் சீலாவையும் பிலிப்பி பட்டணத்துல விசாரணையே இல்லாம அடிச்சு உள்ள போட்டுட்டு மறுநாள் கமுக்கமா போயிடுங்கன்னாங்க. அதெப்படி, நாங்க ரோமக் குடிமக்கள், அதிகாரிங்களே நேர்ல வந்து கூட்டிட்டு போவட்டும்னு பவுல் உக்காந்துட்டார், வந்தாங்க, கெஞ்சினாங்க. மணல்ல எழுதின சீகன்பால்குவே தரங்கம்பாடியை ஆண்ட டேனிஷ்காரங்களோட கோட்டை தளபதியோட மோதி 1708 கடைசியில கைதாகி 4 மாசம் உள்ள இருந்தவர்தான்.

நம்ம பக்கம் இந்த வார்த்தைக்கு இன்னொரு கறை இருக்கு. ஒரு காலத்துல பண்ணையாளா இருந்தவங்க மிராசுதாரை கண்டா தோள்ல கிடக்கிற துண்டை எடுத்து இடுப்புல கட்டணும், இல்ல கக்கத்துல இடுக்கணும். அதுக்கு பேரு பணிவுன்னு சொல்லிக்கிட்டாங்க. பண்ணையாள் பாதுகாப்பு சட்டம் 1952-ல வந்துச்சு, துண்டு தோளுக்கு திரும்ப ஏறுறதுக்கு அதுக்கு மேலயும் போராட வேண்டியிருந்துச்சு. இப்ப யோவான் 13-ஐ எடுத்து படிங்க, 'ஒரு சீலையை எடுத்து அரையிலே கட்டிக்கொண்டு'. யாரு? மிராசுதார்! சீஷங்க காலை கழுவ இயேசு, வீட்டுக்காரரே, துண்டை இடுப்புல கட்டிகிட்டு பண்ணையாள் காலை பிடிக்கிறார். வெளியூர்க்காரன் இதை படிச்சா ஈரம் துடைக்க துண்டு எடுத்தார்னு போயிடுவான், நம்ம டெல்டாக்காரனுக்கு அந்த இடத்துல தூக்கிவாரிப் போடணும்.

தாழ்மை மேல இருக்கறவன் இறங்கி வர்றது. ஏற்கனவே கீழ இருக்கறவனை இன்னும் கொஞ்சம் குனிடான்னு சொல்றதுக்கு அந்த பேரை வைக்கக்கூடாது. நம்ம சபைங்க இந்த பரீட்சையில பாஸ் ஆச்சான்னு கேட்டா வெக்கமாத்தான் இருக்கு. தரங்கம்பாடி மிஷன்லயே ஆராதனையில சாதி சாதியா தனித்தனியா உக்காந்தாங்க. 1833-ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள்ள சாதியே இருக்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டார், தஞ்சாவூர்ல பல பேரு சாதியை வச்சுகிட்டு சபையை விட்டுட்டு போனாங்க. ஒரே பாத்திரத்துல நற்கருணை வாங்கறதுக்கு அவ்ளோ கஷ்டமா இருந்திருக்கு. கிருபை வேணும், ஆனா பக்கத்து இலையில இருக்கறவனுக்கு போட்ட அதே கிருபை வேண்டாம்.

உங்க மேனேஜர்கிட்ட வேணுங்கறதை எழுத்துல குடுங்க, மரியாதையா குடுங்க. வீட்ல கேட்டா பவுல் கதையை சொல்லுங்க.

கேள்வி: பைபிள்ல மோசே பூமியிலயே ரொம்ப சாந்தமானவர்னு எண்ணாகமம் 12-ல வருது. அதை எழுதினதும் மோசேதானே, இது எப்பூடி? (ஒரு வாசகர், திருவையாறு)

பதில்: அந்த வரியை பின்னாடி வேற யாரோ சேத்திருப்பாங்கன்னு நிறைய அறிஞர்கள் சொல்றாங்க, மோசே தப்பிச்சார்! ஆனா அந்த எபிரெய வார்த்தைக்கு நசுக்கப்பட்டவன்ங்கற சாயலும் உண்டு. கூடப்பொறந்த அக்காவும் அண்ணனுமே எதிர்த்து பேசின இடத்துலதான் அந்த வரி வருதுங்கறதையும் சேத்து பாருங்க.

கேள்வி: பெரிய வியாழன் அன்னிக்கு 12 பேர் காலை கழுவுறது வெறும் சடங்காத்தானே போச்சு? எல்லாரும் வீட்லயே கழுவிட்டுதானே வர்றாங்க? (ஒரு வாசகி, மன்னார்குடி)

பதில்: மாட்டிகிட்டேன். சில வருஷம் முன்ன எங்க பங்கு கோயில்ல என்னையும் அந்த 12-ல ஒருத்தனா போட்டாங்க. (2016-லேந்து பெண்களையும் சேக்கலாம்னு போப் பிரான்சிஸ் மாத்திட்டார், உங்க பங்குல கேட்டு பாருங்க.) அன்னிக்கு மத்தியானம் நான் பாத்ரூம்ல முக்கால் மணி நேரம், பீர்க்கங்கூட்டை வச்சு குதிகாலை தேய்தேய்னு தேய்ச்சு, பித்தவெடிப்புக்கு தேங்காண்ணை போட்டு, நகம் வெட்டி, போறப்ப செருப்பு அழுக்கு ஒட்டப்போவுதுன்னு புது செருப்பு வேற. அப்பதான் அதே யோவான் 13-ல வர்ற சீஷர் பேதுரு ஞாபகம் வந்தார். 'நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது'ன்னார்ல, அது தாழ்மைன்னுதான் ரொம்ப நாளா நினைச்சிருந்தேன். இல்லங்க, அது கூச்சம், அடுத்தவர் கையில நம்ம அழுக்கை குடுக்கறதுக்கு வர்ற கவுரவம். நான் உன்னை கழுவாட்டி என்கிட்ட உனக்கு பங்கில்லைன்னு இயேசு சொன்ன பதில்லதான் ரட்சிப்பும் தாழ்மையும் ஒண்ணா வந்து நிக்குது. ஊருக்கே நாம கழுவிவிட்டுடலாம், சுலபம், காலை நீட்டறதுதான் முடியல.

எனக்கு பக்கத்து நாற்காலியில ஒரு பெரியவர், உளுந்து பிடுங்கிட்டு கொல்லையிலேந்து நேரா வந்துட்டார் போல. குதிகால் வெடிப்புல கரிசல் மண்ணு அப்படியே கோடு கோடா காஞ்சு கிடக்குது. ஃபாதர் எங்கிட்ட வந்தப்ப நான் காலை பாதி உள்ள இழுத்துகிட்டேன். அவர்கிட்ட போனப்ப தட்டுல தண்ணி கலங்கிடுச்சு, மனுஷன் முகத்துல ஒரு மாத்தமும் இல்ல, குனிஞ்சிருந்த ஃபாதர் தலையை பாத்து மெதுவா, 'சாமி, முட்டி வலிக்கப்போவுது, சீக்கிரம் முடிச்சிட்டு எந்திரிங்க'ன்னார்.